சேமித்து வைத்த கான்ஃபிக்கை ரவுட்டரில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதான ரவுட்டரை மாற்றும்போதோ, ஃபார்ம்வேர் மாற்றிய பிறகோ, யாரோ செய்த மாற்றத்தை ரத்து செய்ய வேண்டியிருக்கும்போதோதான் கான்ஃபிக்கின், அதாவது ரவுட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு வரிகளின், பேக்கப் கோப்பைத் தேடுவோம். ஏற்றும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் அந்த வரி, ரவுட்டரில் ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்கிறதா, இருப்பதை நீக்கிவிட்டு எழுதுகிறதா, தவறாகப் போனால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பது தெரியாமல் என்டரைத் தட்டக் கூடாது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ், ஜூனிபர் ரவுட்டர்களின் இயங்குதளமான ஜூனோஸ், மைக்ரோடிக், ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபார்ம்வேர், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறேன். சிஸ்கோவில் சிக்கல்கள் அதிகம் என்பதால் அதற்கு இடமும் கூடுதல்.

ரன்னிங் கான்ஃபிக், ஸ்டார்ட்அப் கான்ஃபிக் என்று இரண்டு இருக்கின்றனவே, எதில் ஏற்ற வேண்டும்?

சிஸ்கோவில் ரன்னிங் கான்ஃபிக் ரேமில் இருக்கிறது. ரவுட்டர் இந்த நொடியில் எதன்படி நடக்கிறதோ அது. ஸ்டார்ட்அப் கான்ஃபிக் என்விரேமில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாது, அடுத்த முறை பூட் ஆகும்போது இதைத்தான் ரவுட்டர் படிக்கும்.

ரன்னிங்கில் ஏற்றினால் உடனே அமலுக்கு வரும், ஆனால் இருப்பதோடு கலக்கும். ஸ்டார்ட்அப்பில் ஏற்றினால் பழைய கோப்பு முழுதாகப் போய்ப் புதியது உட்காரும். ஆனால் ரீலோட், அதாவது மறுதொடக்கம், செய்யும் வரை எதுவும் மாறாது. புது ரவுட்டரில், அல்லது ரீலோட் செய்ய நேரம் கிடைக்கும்போது, ஸ்டார்ட்அப்பில் ஏற்றி ரீலோட் செய்வதே சுத்தமான வழி. ஒரு எச்சரிக்கை: ரீலோட் கொடுக்கும்போது, மாறிய கான்ஃபிக்கைச் சேமிக்கவா என்று ரவுட்டர் கேட்கலாம். அங்கே பழக்கதோஷத்தில் ‘யெஸ்’ கொடுத்தால், இப்போதுதான் ஏற்றிய கோப்பின் மேல் பழைய ரன்னிங் கான்ஃபிக் எழுதப்பட்டுவிடும். ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும்.

பேக்கப்பை ஏற்றிய பிறகும் பழைய வரிகள் அப்படியே இருக்கின்றன. ஏன்?

ரன்னிங் கான்ஃபிக்குக்கு ‘காப்பி’ கட்டளை கொடுத்தால், கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் நீங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்தது போலத்தான் ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். கோப்பில் இல்லாத வரியை அது தொடாது. பெயர் ‘காப்பி’ என்றாலும் நடப்பது மெர்ஜ், அதாவது இருப்பதோடு கலப்பது.

ஹோஸ்ட்நேம் (ரவுட்டரின் பெயர்), இன்டர்ஃபேஸின் (இணைப்புப் போர்ட்டின்) முதன்மை ஐபி முகவரி போன்றவை ஒன்றுதான் இருக்க முடியும், அதனால் புதியது பழையதைத் தள்ளிவிடும். ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடியவைதான் தொல்லை. டிஃபால்ட் ரூட்டை, அதாவது தனி வழி எதுவும் சொல்லப்படாத போக்குவரத்து போகும் பாதையை, எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் இப்போது அது 10.0.0.1-ஐ நோக்கிப் போகிறது, பேக்கப்பில் 10.0.0.2. மெர்ஜ் செய்ததும் இரண்டும் அருகருகே உட்கார்ந்துவிடும். இரண்டு அடுத்த-ஹாப்களும் (அந்த இரண்டு கேட்வே முகவரிகளும்) எட்டக்கூடியதாகத் தெரிந்தால், ரவுட்டர் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும். அதில் ஒரு கேட்வே உள்ளே செத்துக்கிடந்தால் சில தளங்கள் திறக்கும், சில திறக்காது. இப்படிப் பாதி வேலை செய்யும் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் கடினம்.

எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட்டில் இது இன்னும் மோசம். ரவுட்டரில் ஒரு லிஸ்ட்டில் இரண்டு வரிகள்: 10.1.1.5-க்கு 443-ஆம் போர்ட்டில் அனுமதி, அடுத்து மற்ற எல்லாவற்றுக்கும் தடை. பேக்கப்பில் அதே லிஸ்ட்டில் மூன்று வரிகள்: 10.1.1.5-க்கு அனுமதி, 10.1.1.9-க்கு அனுமதி, பிறகு தடை. வரிசை எண் இல்லாமல் சேமித்த கோப்பாக இருந்தால், ஏற்றும்போது முதல் வரி ஏற்கெனவே இருப்பதால் மாற்றம் இல்லை. இரண்டாவது வரி லிஸ்ட்டின் கடைசியில், அதாவது தடை வரிக்குக் கீழே போய் ஒட்டும். மூன்றாவதும் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது லிஸ்ட்டைப் பார்த்தால் 10.1.1.9-க்கு அனுமதி கண்ணெதிரே இருக்கும். ஆனால் மேலிருந்து கீழே படிக்கும் ரவுட்டர் தடை வரியிலேயே நின்றுவிடும், அந்த அனுமதியை ஒருபோதும் எட்டாது. மெர்ஜ்தான் செய்தாக வேண்டும் என்றால், கோப்பில் ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் முன்னால் அந்த லிஸ்ட்டை நீக்கும் ‘நோ’ வரியைச் சேர்த்துவிடுங்கள்.

மெர்ஜ் வேண்டாம், கோப்பில் இருப்பது மட்டும்தான் இருக்க வேண்டும். என்ன செய்வது?

ஐஓஎஸ்ஸில் அதற்கென்றே ‘கான்ஃபிகர் ரிப்ளேஸ்’ இருக்கிறது. கோப்பையும் ரன்னிங் கான்ஃபிக்கையும் ஒப்பிட்டு, மிகையாக உள்ளதை நீக்கி, குறைவதைச் சேர்க்கும். ரீலோட் தேவையில்லை. ஆனால் கோப்பு முழுமையான கான்ஃபிக்காக இருக்க வேண்டும். யாராவது நாலு வரி மாற்றத்தை மட்டும் எழுதி வைத்த கோப்பைக் கொடுத்தால், அந்த நாலு வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கப் பார்க்கும்.

ஜூனோஸில் ‘லோட் ஓவர்ரைடு’ முழுதாக மாற்றும், ‘லோட் மெர்ஜ்’ கலக்கும். எதைச் செய்தாலும் மாற்றம் முதலில் கேண்டிடேட் கான்ஃபிக்கில்தான் நிற்கும், ‘கமிட்’ கொடுக்கும் வரை அமலுக்கு வராது. இடையில் ‘ஷோ’ கட்டளையோடு ‘கம்பேர்’ சேர்த்தால் என்ன மாறப்போகிறது என்பது கூட்டல், கழித்தல் குறிகளோடு வரும். ‘கமிட் செக்’ கொடுத்தால் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றுவதையும் அமல்படுத்துவதையும் தனித்தனியாக வைத்திருப்பது எத்தனையோ விபத்துகளைத் தடுக்கிறது.

புது ரவுட்டரில் ஏற்றினேன். எல்லா வரிகளும் சரியாக இருக்கின்றன, ஆனால் ஒரு போர்ட்டும் அப் ஆகவில்லை.

சிஸ்கோ ரவுட்டர்தானே? பெட்டியிலிருந்து எடுத்த ரவுட்டரில் இன்டர்ஃபேஸ்கள் ‘ஷட்டவுன்’ நிலையில் இருக்கும். பழைய ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் ‘நோ ஷட்டவுன்’ என்ற வரியை ஐஓஎஸ் கான்ஃபிக்கில் காட்டாது. அதனால் பேக்கப்பில் அது இல்லை. மெர்ஜ் செய்யும்போது ஐபி முகவரி ஏறும், விளக்கம் ஏறும், ஆனால் ‘ஷட்டவுன்’ மட்டும் போகாது.

ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் ‘நோ ஷட்டவுன்’ கொடுங்கள். அல்லது கோப்பை ஸ்டார்ட்அப்பில் ஏற்றி ரீலோட் செய்யுங்கள். பூட் ஆகும்போது, ‘ஷட்டவுன்’ என்று கோப்பில் எழுதியிராத இன்டர்ஃபேஸ் தானாக எழும்.

ரவுட்டர் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே போகும் முறை) வழியாக ஏற்றலாமா?

ஏற்றலாம், திரும்பி வரும் வழியை முதலில் அமைத்துவிட்டு. ஏற்றும் கோப்பிலேயே நீங்கள் உள்ளே வந்த இன்டர்ஃபேஸின் முகவரியோ, ரூட்டோ, ஃபயர்வால் விதியோ மாறினால் இணைப்பு அறுந்துவிடும். பேஸ்ட் செய்துகொண்டிருந்தால் அதோடு மீதி வரிகளும் போய்விடும். அதனால் தொலைவில் உள்ள ரவுட்டரில் முழுக் கோப்பையும் திரையில் பேஸ்ட் செய்யவே வேண்டாம். கோப்பை முதலில் ரவுட்டரின் ஃபிளாஷுக்கு (உள்சேமிப்பகத்துக்கு) அனுப்பி, அங்கிருந்து ஏற்றுங்கள்.

ஐஓஎஸ்ஸில் பழைய, நம்பகமான வழி ‘ரீலோட் இன் 10’. பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக ரீலோட் ஆகி, சேமித்திருந்த ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கோடு எழும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிடலாம். இதில் வரிசை முக்கியம். முதலில் இப்போதைய நல்ல கான்ஃபிக்கைச் சேமியுங்கள், அடுத்து ரீலோட் நேரத்தை வையுங்கள், பிறகுதான் கோப்பை ஏற்றுங்கள். ஏற்றியதும் கை பழக்கத்தில் ‘ரைட் மெமரி’ (ரன்னிங்கை ஸ்டார்ட்அப்பில் சேமிக்கும் கட்டளை) தட்டினால் பாதுகாப்பு முழுவதும் போயிற்று. ரீலோட் ஆனாலும் அதே உடைந்த கான்ஃபிக்தான் வரும். ‘கான்ஃபிகர் ரிப்ளேஸ்’ கட்டளையோடும் நேரம் குறிப்பிடலாம். அந்த நேரத்துக்குள் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ கொடுக்காவிட்டால், ரீலோட் இல்லாமலே பழைய நிலைக்குத் திரும்பும். இதற்கு, கான்ஃபிக்கின் நகல்களைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் வசதியை முன்பே அமைத்திருக்க வேண்டும்.

ஜூனோஸில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’. நேரம் சொல்லாவிட்டால் 10 நிமிடம். அதற்குள் இன்னொரு கமிட் கொடுக்காவிட்டால் தானே பின்வாங்கும். அதையும் தாண்டி, ‘ரோல்பேக்’ 0 முதல் 49 வரை பழைய கான்ஃபிக்குகளுக்குத் திரும்ப வழி இருக்கிறது.

மைக்ரோடிக்கில் டெர்மினலில் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் சேஃப் மோட். இணைப்பு அறுந்தால் அந்த மோடில் செய்த மாற்றங்கள் ரத்தாகும். ஆனால் அது நினைவில் வைத்திருப்பது சுமார் 100 செயல்களைத்தான். அதைத் தாண்டினால் சேஃப் மோடிலிருந்து தானாக வெளியே வந்துவிடும், எதுவும் ரத்தாகாது. நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள ஒரு முழு கான்ஃபிக்கை இதை நம்பி இறக்குமதி செய்ய முடியாது. நாலைந்து விதிகளை மாற்றும்போது மட்டும் நம்புங்கள்.

டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாக இழுத்தால் புள்ளி புள்ளியாக வந்து டைம்அவுட் ஆகிறது.

திரையில் ஆச்சரியக்குறி வந்தால் பாக்கெட்டுகள் வருகின்றன என்று பொருள், புள்ளி என்றால் பதில் இல்லை. முதலில் ரவுட்டரிலிருந்து சர்வருக்கு பிங் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் கணினியின் ஃபயர்வால்தான். கோரிக்கை யுடிபி 69-ஆம் போர்ட்டுக்கு வரும், ஆனால் சர்வர் வேறொரு போர்ட்டிலிருந்து பதில் அனுப்பும். 69-ஐ மட்டும் திறந்து வைத்தால் சில சமயம் போதாது. டிஎஃப்டிபி சர்வர் நிரலையே அனுமதிக்க வேண்டியிருக்கும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் பாருங்கள்.

டிஎஃப்டிபி-யில் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. மேசையில் ஒரே கேபிளில் இணைத்த ரவுட்டருக்குப் பரவாயில்லை. நெட்வொர்க்கைக் கடந்து போகிறது என்றால் குறியாக்கத்தோடு கோப்பு அனுப்பும் எஸ்சிபி பயன்படுத்துங்கள்.

ரவுட்டரோடு நேரடியாக இணையும் கன்சோல் கேபிளில் பேஸ்ட் செய்தால் இடையிடையே வரிகள் காணாமல் போகின்றன.

கன்சோலின் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். அதாவது நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள். சில கட்டளைகளைச் செயல்படுத்த ரவுட்டருக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த வரிகள் வந்து குவிந்தால், ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதைச் சற்று நிறுத்தச் சொல்லும் வசதி) இல்லாத கன்சோலில் எழுத்துகள் உதிர்ந்துவிடும். டெர்மினல் மென்பொருளில் வரிக்கு வரி இடைவெளி வைக்கும் வசதி இருக்கும். 100 மில்லிநொடியில் தொடங்கிப் பாருங்கள். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்டுவதும் நல்லது.

திரையிலிருந்து பிடித்த கோப்பு என்றால், ‘பில்டிங் கான்ஃபிகரேஷன்’ போன்ற தொடக்க வரிகளும், பக்க இடைவெளியில் வரும் ‘மோர்’ என்ற சொல்லும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

பழைய மாடலின் கான்ஃபிக்கைப் புதிய மாடலில் ஏற்ற முடியுமா?

உரைக் கோப்பாக இருந்தால், திருத்திவிட்டு ஏற்றலாம். முதலில் இடிப்பது இன்டர்ஃபேஸ் பெயர்கள். பழையதில் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0, புதியதில் கிகாபிட்ஈதர்நெட் 0/0/0. பெயர் பொருந்தாத இடத்தில் ரவுட்டர் பிழை காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த இன்டர்ஃபேஸுக்கான வரிகள் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பெயர்களை மாற்றுங்கள், அதே பெயர் நேட் (முகவரி மாற்ற) விதிகளிலும் ரூட்டிங் புரோட்டகால் பகுதிகளிலும் வருகிறதா என்று தேடுங்கள். இன்டர்ஃபேஸ் பகுதியில் மட்டும் மாற்றிவிட்டு நேட் விதியில் பழைய பெயரை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

பைனரி கோப்பாக இருந்தால் முயல வேண்டாம்.

மைக்ரோடிக்கில் ‘பேக்கப்’, ‘எக்ஸ்போர்ட்’ இரண்டில் எது?

இரண்டும் எடுத்து வையுங்கள். பேக்கப் என்பது பைனரி, அதே சாதனத்துக்குத் திரும்ப ஏற்றுவதற்கானது. வேறொரு சாதனத்தில் ஏற்றினால் எம்ஏசி முகவரிகளும் (வன்பொருளின் தனி அடையாள எண்களும்) சேர்ந்து வரும். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் மோதல்தான். எக்ஸ்போர்ட் என்பது படிக்கக்கூடிய கட்டளைகளின் தொகுப்பு, வேறு சாதனத்துக்கு அதுதான் சரி. ஆனால் அதில் ரவுட்டரின் பயனர் கடவுச்சொற்கள், சான்றிதழ்கள், எஸ்எஸ்எச் சாவிகள் வராது. ஏழாம் பதிப்பில் வைஃபை கடவுச்சொல் போன்ற ரகசியங்களையும் இயல்பாகவே மறைத்துவிடும். வேண்டுமென்றால் ‘ஷோ-சென்சிடிவ்’ சேர்த்து எடுக்க வேண்டும்.

இறக்குமதி செய்யும்போது பிழை வரும் வரியிலேயே நின்றுவிடும். அதற்கு மேலே உள்ளவை ஏறியிருக்கும், கீழே உள்ளவை ஏறியிருக்காது. தொழிற்சாலை கான்ஃபிக்கின் மேல் ஏற்றினால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழையிலேயே பெரும்பாலும் நிற்கும். அதனால் இயல்பு அமைப்புகள் இல்லாமல் ரீசெட் செய்து, அதன் பிறகு ஏற்றுங்கள். அந்த ரவுட்டரில் அப்போது ஐபி முகவரியே இருக்காது, மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் நிரலில் எம்ஏசி முகவரி வழியாக உள்ளே போகலாம்.

வீட்டு ரவுட்டரில் ‘ரெஸ்டோர்’ பொத்தான் கோப்பை ஏற்க மறுக்கிறது.

இந்தக் கோப்புகள் பெரும்பாலும் அதே மாடலுக்கு, சில நேரம் அதே ஃபார்ம்வேர் பதிப்புக்கு மட்டுமே செல்லும். ஒரே மாடல் பெயரில் வி1, வி2 என்று வன்பொருள் பதிப்புகள் இருப்பதுண்டு, அடியில் ஒட்டிய லேபிளில் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் கையால் அமைப்பதைத் தவிர வழியில்லை. இதனால்தான் இணைய இணைப்புக்கான பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் (ஒரே கேபிளில் நெட்வொர்க்குகளைப் பிரிக்கும்) எண், போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் ஆகியவற்றைத் தனியாக எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ஏற்றும்போது வைஃபையில் இருக்காமல் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் ரவுட்டரின் முகவரியும் அட்மின் கடவுச்சொல்லும் பேக்கப் எடுத்த நாளில் என்னவாக இருந்தனவோ அவையாகிவிடும். 192.168.0.1-இல் பக்கம் திறக்கவில்லை என்று பதற வேண்டாம். கணினிக்குக் கிடைத்துள்ள டிஃபால்ட் கேட்வேயைப் பார்த்தால் புது முகவரி தெரியும்.

ஓபன்டபிள்யூஆர்டி?

பேக்கப் என்பது அமைப்புக் கோப்புகளின் சுருக்கத் தொகுப்பு. நீங்கள் கூடுதலாக நிறுவிய பேக்கேஜ்கள் அதில் இல்லை, அவற்றை மறுபடி நிறுவ வேண்டும். 2021-இல் வந்த 21.02 பதிப்பிலிருந்து பல சாதனங்களில் ஸ்விட்ச் அமைப்பு முறை டிஎஸ்ஏ என்ற புதிய முறைக்கு மாறிவிட்டது. அப்படி மாறிய சாதனத்தில் அதற்கு முந்தைய நெட்வொர்க் கோப்பை ஏற்றினால் விலேன்கள் வேலை செய்யாது, உள்ளே போக முடியாத நிலையும் வரலாம்.

கான்ஃபிக் ஏறியது, ஆனால் எஸ்எஸ்எச் மட்டும் வரவில்லை.

ஐஓஎஸ் உரை பேக்கப்பில், எஸ்எஸ்எச்சுக்குத் தேவையான ஆர்எஸ்ஏ சாவி இருக்காது. கன்சோலில் போய்ப் புதிதாக உருவாக்க வேண்டும். புதுச் சாவி என்பதால், சர்வர் அடையாளம் மாறிவிட்டது என்று உங்கள் கணினி எச்சரிக்கும். அதே போல சான்றிதழ்களின் தனிச் சாவிகள், ரவுட்டரின் நேரம் ஆகியவையும் கோப்போடு வராது. நேரம் தவறாக இருந்தால் சான்றிதழ் வைத்த விபிஎன் எழாது, காரணமும் லேசில் புலப்படாது.

சேமித்தேன், ரீலோட் செய்தேன், காலி ரவுட்டராக வருகிறது.

சிஸ்கோவில் ‘ஷோ வெர்ஷன்’ கொடுத்துக் கடைசி வரியில் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரைப் பாருங்கள். ஹெக்ஸ் 2142 என்று இருந்தால், யாரோ கடவுச்சொல் மீட்பு செய்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த மதிப்பு ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைப் படிக்காதே என்று சொல்கிறது. ஹெக்ஸ் 2102-க்கு மாற்றி ரீலோட் செய்தால் போதும். உங்கள் கான்ஃபிக் எங்கும் போகவில்லை.

எல்லாம் பழையபடி இருக்கிறது, போர்ட்டுகள் அப், ஆனால் போக்குவரத்து இல்லை.

வன்பொருளை மாற்றியிருந்தால் ஏஆர்பி-யை, அதாவது எந்த ஐபி எந்த எம்ஏசியில் இருக்கிறது என்ற நினைவை, சந்தேகியுங்கள். ஐபி அதே, எம்ஏசி புதிது. எதிர்முனை பழைய எம்ஏசியையே நினைவில் வைத்திருக்கலாம். சிஸ்கோவில் அந்த நினைவு இயல்பாக 4 மணி நேரம் நிற்கும். எதிர்முனையில் ஏஆர்பி-யை அழிக்க வேண்டும். இணைய மோடம் என்றால் அதை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய ரவுட்டரின் கேபிள் இன்னும் எங்காவது செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே ஐபி இரண்டு பெட்டிகளில் இருந்தால் இதே அறிகுறிதான்.

பேக்கப் கோப்பை உதவிக்காக இன்னொருவருக்கு அனுப்பலாமா?

அப்படியே அனுப்பக் கூடாது. சிஸ்கோவின் டைப் 7 கடவுச்சொல் மறைத்து எழுதியது போலத் தெரிந்தாலும், யார் வேண்டுமானாலும் நொடியில் திருப்பி எடுக்கலாம். கண்காணிப்புக்குக் கடவுச்சொல் போலப் பயன்படும் எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர், விபிஎன் பகிர்வுச் சாவி, பிபிபிஓஇ கடவுச்சொல், பொது ஐபி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சிக்கல் உள்ள பகுதியை மட்டும் அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்தக் கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள்.

கையில் மூன்று நான்கு பேக்கப் இருக்கின்றன. எதை ஏற்றுவது?

கோப்பின் தேதியை நம்பாதீர்கள், நகலெடுக்கும்போது அது மாறிவிடும். ஐஓஎஸ் கோப்பில் மேலேயே கடைசி மாற்றம் எப்போது, எந்தப் பயனர் செய்தார் என்ற குறிப்பு வரி இருக்கும். ரவுட்டரின் நேரம் சரியாக இருந்திருந்தால் அதை நம்பலாம். கோப்பின் கடைசி வரியையும் பாருங்கள். ஐஓஎஸ் கோப்பு ‘எண்ட்’ என்று முடியாவிட்டால் பாதியில் அறுந்த கோப்பு, தொடாதீர்கள்.

எப்போது சேமிப்பது?

ஏற்றுவதற்கு முன்பே இப்போதைய ரூட் எண்ணிக்கை, ரூட்டிங் நெய்பர்கள் (ரூட் தகவல் பகிரும் பக்கத்து ரவுட்டர்கள்), இன்டர்ஃபேஸ் நிலை ஆகியவற்றை ஒரு உரைக் கோப்பில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு அதே கட்டளைகளைக் கொடுத்து ஒப்பிடுங்கள். உள்ளிருந்து வெளியே போவதோடு, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியவை, அதாவது விபிஎன், போர்ட் ஃபார்வர்டிங், உங்கள் சொந்த எஸ்எஸ்எச் ஆகியவற்றையும் இன்னொரு இணைப்பிலிருந்து சோதியுங்கள். திறந்திருக்கும் பழைய எஸ்எஸ்எச் சாளரத்தை மூடாமல், புதிதாக ஒன்றில் லாக்-இன் செய்து பாருங்கள். பழையது உயிரோடு இருப்பதால் புதியதும் வரும் என்று பொருளில்லை. புதியதிலும் உள்ளே போக முடிந்தால், தானியங்கி ரீலோடை ரத்து செய்து, பிறகு சேமியுங்கள்.